கரோக்கேவை ஒன்பது மணிக்கு நிறுத்துவேன் என்ற வேட்பாளர்

சான் இலாரியோ, பனாய் தீவு.
அக்டோபர் கடைசி, மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் பயமும் சம அளவில் கலந்து வணங்கும் கொன்சிங் அக்காவுக்கு, உங்கள் சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டவனும், அது போதாதென்று உங்கள் பதிப்பகத்துக்கே நாவலும் எழுதிக் கொடுப்பவனுமான பௌஸ்தினோ எழுதிக்கொண்டது.

இங்கு நானும் நேமியும் நலம். பன்றியும் நலம், எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். மணிலாவில் நீங்களும் சகலையும் எப்படி இருக்கிறீர்கள், உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற ஒத்துழைக்கிறதா என்று அறிய நேமி ஆவலாக இருக்கிறாள். உங்கள் சிவப்புப் பென்சில் இன்னும் தீரவில்லையா என்று அறிய நான் ஆவலாக இருக்கிறேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய ‘ஆளுநரின் ஐந்தாவது நிழல்’ கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், என் வேட்பாளர் லியாந்த்ரோ மொந்தெரோசோ மேடையேறித் தன் தேர்தல் அறிக்கையைப் படிக்கும் இடத்தில், “நம்பும்படியாக இல்லை. மொத்தமாக எடுத்துவிடு. எடுக்காவிட்டால் டிசம்பர் பட்டியலிலிருந்து புத்தகத்தையே நான் எடுத்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பதினான்காம் பக்கத்தில் ஆயர் இல்லத்துச் சமையல்காரி ஜெபமாலை மணிகளில் விஷம் தடவுகிறாள். ஓரத்தில் “அருமை” என்று போட்டிருக்கிறீர்கள். நாற்பதாம் பக்கத்தில் வயல் வாய்க்காலில் நீர்மூழ்கிக் கப்பல் வருகிறது. “வாய்க்காலைக் கொஞ்சம் அகலப்படுத்து” என்பதோடு விட்டுவிட்டீர்கள். தொண்ணூறாம் பக்கத்தில் செத்துப்போன செனட்டர் மாறுவேடத்தில் தன் இறுதிச் சடங்குக்கே வந்து, உட்கார்ந்து, நூடுல்ஸ் சூப் குடித்து, உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இவ்வளவையும் விழுங்கிய உங்களுக்கு, ஒரு மனிதன் மேடையேறிச் சந்தையில் சாக்கடை கட்டுவேன் என்றதும் தொண்டையில் சிக்கிக்கொண்டதா?

இந்த டிசம்பரை விட்டால் எனக்கு வேறு டிசம்பர் கிடையாது அக்கா. மே மாதம் தேர்தல். தேர்தல் முடிந்தபின் அரசியல் மர்ம நாவல் வாங்குகிறவன் கிறிஸ்துமஸ் முடிந்து நட்சத்திர விளக்கு வாங்குகிறவன் மாதிரி. அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. என் முந்தைய இரண்டு நாவல்களும் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். மீன் சந்தையில் அவற்றின் பக்கங்களில் நானே நெத்திலி வாங்கியிருக்கிறேன். இந்த மூன்றாவதும் வராவிட்டால் நீங்கள் என்னிடம் நான்காவது கேட்கமாட்டீர்கள். வெளியீட்டு விழாவுக்குப் பங்குச் சாமியார் மண்டபம் தருவதாகச் சொல்லிவிட்டார். நேமி தனக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். அதனால் பக்கத்தை வெட்டுவதற்கு முன், அது நம்பும்படியாக இருக்கிறதா இல்லையா என்று ஊரிலேயே கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவுசெய்தேன். இது செப்டம்பரில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம். எனக்கு அன்று யாராவது ஒரு கடுமையான காய்ச்சலை வரவழைத்திருக்கலாம்.

முதலில் போனது எஸ்தோங் அண்ணனின் முடிதிருத்தும் கடைக்கு. சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். பாதிப் பேருக்குத் தலையில் முடியே கிடையாது, அரசியல் பேச வந்தவர்கள். என் கதை என்று சொல்லாமல், ஒரு புதிய வேட்பாளரின் அறிக்கை என்று சொல்லி வாசித்தேன். சந்தையில் சாக்கடை கட்டுவேன் என்றதும் எஸ்தோங் அண்ணன் கத்தியை நிறுத்தவேயில்லை.

“எவன் அவன்? எங்கப்பா காலத்துல இருந்து அந்தச் சாக்கடைய எல்லாரும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. ஆளு புதுசு, பொய்யி பழசு. மேல படி.”

நகராட்சி ஒப்பந்தங்கள் அத்தனையையும் சந்தைச் சுவரில் ஒட்டுவேன் என்று படித்தேன்.

“ஒட்டுவான், ஒட்டுவான். மறுநாள் அது மேலயே சோப்பு விளம்பரத்தையும் ஒட்டுவான்” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

பதவியில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்ற இடத்தில், முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சிரித்த சிரிப்பில் கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது. “பொய் சொல்றவன் ஒரு அளவோட சொல்லணும்பா. கேக்கறவன் உசுருக்கு ஆபத்தில்ல?” என்று பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, அந்த நிமிஷம் வரை நீங்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. துக்கத்தோடு கடைசி வாக்குறுதியைப் படித்தேன்: இரவு ஒன்பது மணிக்குமேல் ஊரில் எந்த வீட்டிலும் கரோக்கே பெட்டி வைத்துப் பாடக்கூடாது, பாடினால் பெட்டி பறிமுதல்.

கடை அப்படியே நின்றுவிட்டது. எஸ்தோங் அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னே? திரும்பப் படி.”

படித்தேன்.

“அடப்பாவி!” என்றார். “செஞ்சிடுவான் போலிருக்கே!”

அரைமணி நேரத்தில் செய்தி மீன் சந்தைக்குப் போய்விட்டது. அங்கே பாசிங் அக்கா, உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் கல்யாணத்துக்கு வாளைமீன் கொடுத்துவிட்டு உங்கள் மாமியாரோடு சண்டை போட்டவர், கையில் செதில் தேய்க்கிற கத்தியோடு என்னை நிறுத்தினார்.

“யாரு தம்பி அந்த ஆளு? எனக்குப் பயமா இருக்கு.”

“ஏன்க்கா, நம்பிட்டீங்களா?”

“பின்ன? சாக்கடை கட்டறேன்னு சொல்றவன் ஓட்டுக்காகச் சொல்றான், அத எவன் நம்புவான்? கரோக்கேவ நிறுத்தறேன்னா எவன் ஓட்டுப் போடுவான்? அவன் பொண்டாட்டி போடுவாளா? ஒரு ஓட்டும் விழாதுன்னு தெரிஞ்சே சொல்றான்னா அந்த ஆளு மனசுல பட்டதத்தான் சொல்றான். அப்ப சாக்கடையும் கட்டிடுவான். போச்சு! என் கடை அந்தச் சாக்கடை மேலதான இருக்கு!”

அக்கா, முப்பது வருஷமாக அரசியல் நாவல் எழுதப் படாதபாடு படுகிறேன். நம்பும்படியான வாக்குறுதி எது என்பதை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்கிறவன் வயிற்றைக் கலக்கவேண்டும், அவ்வளவுதான். இதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் உங்களுக்கு மீன்காரி சாட்சி போதாது, ஊரே சாட்சி வேண்டும் என்று எனக்குள் ஒரு பேராசை. அறிக்கை முழுவதையும் ஒரு பிளெக்ஸில் அடித்து, கீழே ‘இதை நீங்கள் நம்புகிறீர்களா?’ என்று கேட்டு, சந்தை வாசலில் ஒரு பெட்டியோடு வைத்தால் பதில் சீட்டுகளை மூட்டையாகக் கட்டி உங்களுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன். பிளெக்ஸ் அடிப்பது யார்? உங்கள் சித்தப்பாவின் அருமை மகன், என் மைத்துனன், ரிசால்டி.

“முகம் எங்க மச்சான்?” என்றான்.

“முகம் கிடையாதுடா. கற்பனை ஆளு. எழுத்து மட்டும் போதும்.”

“முகமில்லாம பிளெக்ஸா? நான் அடிச்சதே இல்லையே. போன வாரம் பைபிள் வசனத்துக்கே மேயர் முகத்தோடதான் அடிச்சேன்.”

“இது வேறடா. முகம் வேண்டாம்.”

“சரி மச்சான், சரி, நான் பாத்துக்கறேன்” என்றான். உங்கள் குடும்பத்தில் யாராவது ‘நான் பாத்துக்கறேன்’ என்றால் உடனே வீட்டை விற்றுவிட்டு வேறு தீவுக்குப் போய்விடவேண்டும் என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் உறைக்கவில்லை. அவன் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து என் படத்தை எடுத்து, இரட்டைத் தாடையில் ஒன்றைக் குறைத்து, என்னைச் சிவப்பாக்கி, எப்போதோ என்னை விட்டுப் போன தலைமுடியைத் திரும்பக் கூட்டிவந்து நட்டுவிட்டான். முகம் அவ்வளவு பெரிதாக வந்ததால் கேள்விக்கு இடமில்லை. கேள்வியை எடுத்துவிட்டு ‘திருவிழா நல்வாழ்த்துகள்! அன்புடன், லியாந்த்ரோ மொந்தெரோசோ’ என்று போட்டான். சொந்தக்காரன் என்பதால் கூடுதல் சலுகையாகக் கோயிலுக்கு எதிரே தானே ஏணி வைத்துக் கட்டியும் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நேமி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “கோயில் வாசல்ல ஒருத்தர் படம் பாத்தேன். உங்க ஜாடைதான். ஆனா பாக்க நல்லாருக்காரு. யாருங்க அவரு?”

திருவிழா வாழ்த்து, சிரித்த முகம், கீழே ஒரு பெயர். எந்தப் பதவி என்று போடவேண்டியதே இல்லை; ஊருக்கு அது புரிந்துவிடும். அன்று மத்தியானமே வாசலில் கூட்டம். கூடைப்பந்து அணிக்குச் சட்டை வேண்டும் என்று ஒரு கூட்டம். முதுகில் என் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்வார்களாம், எந்தப் பெயர் என்பதை மட்டும் நான் சொல்லவேண்டுமாம். செத்துப்போன மாமாவுக்கு மலர்வளையம் கேட்டு இரண்டு பேர். வரப்போகும் கல்யாணத்துக்குச் செலவை ஏற்கும் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்று ஒரு பெண்; மாப்பிள்ளை யார் என்று கேட்டேன், இன்னும் முடிவாகவில்லை என்றாள். நான் தேர்தலில் நிற்கவில்லை, நிற்கவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். “தெரியும் அண்ணே, நிக்கிறவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க” என்று தோளைத் தட்டினார்கள். “பேர மாத்திக்கிட்டது நல்லதுதான். பௌஸ்தினோங்கற பேர்ல ஜெயிச்சவன் யாரு?” என்றார் எஸ்தோங் அண்ணன், அக்கறையோடு.

அறிக்கையைப் படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பக்கத்து வீட்டு விதவை லுமின் அம்மா எனக்கு எதிர்ப்பைத் தெரிவிக்கும் விதமாகத் தன் கரோக்கே பெட்டியை எங்கள் சமையலறை ஜன்னலை நோக்கித் திருப்பிவைத்து, விடிந்ததிலிருந்து காதல் தோல்விப் பாட்டுகளாகவே பாடினார். ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்துப் பாடினார். இன்னொரு பக்கம், கைக்குழந்தைக்காரிகளும் இரவு வேலைக்காரர்களும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் சந்தில் என்னைக் கடக்கும்போது வாயை அசைக்காமல், “ஓட்டு உங்களுக்குத்தான், வெளிய சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் கை கழுவுகிற இடத்தில் என்னை ஓரங்கட்டி, “மகனே, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. ஒன்பதுங்கறத எட்டுன்னு வெச்சா கடவுளுக்கு இன்னும் பிரியமா இருக்கும்” என்றார்.

பிறகு மேயரே வந்தார். மேயர் புருடென்சியோவின் மனைவிதான் ஊர் முழுக்க விசேஷங்களுக்குக் கரோக்கே பெட்டி வாடகைக்கு விடுகிறவர் என்பதை நாவல் எழுதும்போது நான் யோசிக்கவில்லை. உண்மையாகவே யோசிக்கவில்லை அக்கா. என் நாவலில் வருகிற சதிகள் அத்தனை நுட்பமானவை அல்ல. மேயர் உட்கார்ந்து, நேமி வைத்த பொரித்த மீனை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, பல்லைக் குத்திக்கொண்டே ஆரம்பித்தார்.

“தம்பி, சாக்கடை சொல்லிக்கோ, பள்ளிக்கூடம் சொல்லிக்கோ. நானும்தான் சொல்றேன், எவனுக்கும் வலிக்காது. கரோக்கேல கை வெக்கிறியே, அரசியல்ல ஒரு நாகரிகம் வேண்டாமா?”

“மேயர், அது ஒரு நாவல். அப்படி ஒரு ஆளே கிடையாது.”

“ஆளே கிடையாதா? இல்லாத ஆளுக்கா என் மச்சினன் ஓட்டுப் போடறேங்கறான்? அவனுக்கு இப்ப கைக்குழந்தை வேற.”

“அந்த போட்டோவ ரிசால்டி தப்பா...”

“போட்டோ நல்லா வந்திருக்கு. அதுதான் எனக்குக் கவலை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படிக்கவேண்டியது. எங்கள் பக்கத்தில் எதிராளி பலமானவன் என்றால், அதே பெயருள்ள இன்னொருவனைத் தேடிப்பிடித்துக் களத்தில் இறக்கிவிட்டு ஓட்டைக் குழப்புவது வழக்கம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் பெரியப்பா தோற்றதே அப்படித்தான். மேயரின் ஆட்கள் நான்கு திசையிலும் அலைந்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பன்றிக்குட்டிகளுக்குக் காயடிக்கிற தொழில் செய்யும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார்கள். அவர் பெயர் லியாந்த்ரோ மொந்தெரோசோ. நான் யோசித்து யோசித்து, உலகத்தில் எவனுக்கும் இருக்காது என்று நம்பி வைத்த பெயர்! சான் இலாரியோவில் அவருக்கு ஒரு வாக்காளர் விலாசம்கூடத் தயாராக இருந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மனுத்தாக்கலின் கடைசி நாள் அவரைக் கூட்டிவந்து மனுப்போட வைத்துவிட்டார்கள். நான்தான் மனுவே போடவில்லையே! ஆகவே போட்டியே இல்லாமல் ஜெயித்திருக்கவேண்டிய மேயருக்கு இப்போது ஊரில் ஒரே ஓர் எதிராளி இருக்கிறார். அவரைத் தேடிப்பிடித்து, வண்டி வைத்து, வழியில் சோறு வாங்கிக்கொடுத்துக் கொண்டுவந்தவர் மேயர்.

மறுநாள் அந்த மொந்தெரோசோ என் வீட்டு வாசலில் நின்றார். நல்ல மனிதர், பெரிய கைகள். எங்கள் பன்றி அவரைப் பார்த்ததும் கொட்டகையின் பின்பக்கம் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மிகவும் பணிவாகக் கேட்டார்:

“அண்ணே, எல்லாரும் கேக்கறாங்க. நான் என்னென்ன செய்யறதா சொல்லியிருக்கேன்?”

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அந்த மனிதர் போன வாரம் சந்தை நடுவில் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, என் வசனத்தை ஒரு வரி பிசகாமல் வாசித்தார். சாக்கடைக்குச் சிரித்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கரோக்கே வந்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி, “செய்வியா? சத்தியமா செய்வியா?” என்று கத்தினாள். “செய்வேம்மா” என்றார். அவள் இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுதாள் அக்கா. பாசிங் அக்கா மறுநாளே கடையைச் சாக்கடை மேலிருந்து நகர்த்திவிட்டார். என் எழுத்தைப் படித்து இதுவரை எந்த மனிதனும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை.

இனியும் உங்களுக்கு என்ன நிரூபணம் வேண்டும்? ஜெபமாலை விஷத்தை எடுங்கள், தாராளமாக எடுங்கள். நீர்மூழ்கிக் கப்பலை வாய்க்காலோடு சேர்த்துத் தூர்த்துவிடுங்கள். செத்த செனட்டருக்குச் சூப் கொடுக்கவேண்டாம். ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாதீர்கள். அந்த நாவலிலேயே ஊர் நம்பியது அது ஒன்றைத்தான். அதை வெட்டித்தான் டிசம்பரில் வரமுடியும் என்றால், டிசம்பரே வேண்டாம். நான் நேமியின் சட்டைக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு எழுத்தாளனுக்கு அவன் சொன்ன சொல்தான் முதுகெலும்பு என்று எழுதும்போது எனக்கே கண் கலங்குகிறது.

சகலைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. மூத்தவன் சட்டம் படிக்கிறானாமே, எப்படியாவது தடுத்துவிடுங்கள். ஊர்ப் பாதுகாவலரான புனித இலாரியோ உங்கள் முழங்காலுக்குப் பலமும் உங்கள் கைக்குக் கொஞ்சம் பலவீனமும் தந்து, சிவப்புப் பென்சிலிலிருந்து நம் அனைவரையும் காப்பாராக.

என்றும் உங்கள் மாறாத,
பௌஸ்தினோ கபலும்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஊர்ச் சதுக்கத்தில் பெரிய சத்தம் கேட்டதால் போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வருகிறேன். மேயரும் மொந்தெரோசோவும் கைகோத்து, கோத்த கையை உயர்த்திக்கொண்டு மேடையில் நின்றார்கள். மொந்தெரோசோ மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார். நகராட்சியின் இசை வளர்ச்சி ஆலோசகராக நியமனமாகியிருக்கிறார். புதுச் சட்டை, நன்றாகத்தான் இருந்தது. அப்ப கரோக்கே விஷயம் என்னாச்சு என்று அந்தக் குழந்தைக்காரி கத்தினாள். “அம்மா, அது நாவல்ல வர்ற லியாந்த்ரோ சொன்னது. அவரு கற்பனைப் பாத்திரம். கற்பனைப் பாத்திரம் சொல்றதுக்கெல்லாம் நான் எப்படிம்மா பொறுப்பாக முடியும்?” என்றார் மொந்தெரோசோ. கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பலமாகக் கைதட்டியது. எஸ்தோங் அண்ணன் என் பக்கம் திரும்பி, “நான் அப்பவே நெனச்சேன். நம்பற மாதிரியா இருந்துச்சு?” என்றார்.

ஆகவே நீங்கள் சொன்னதுதான் சரி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மொத்தமாக எடுத்துவிடுங்கள். புத்தகம் டிசம்பரில் கட்டாயம் வந்தாகவேண்டும். சட்டை தைத்து வந்துவிட்டது, நேமிக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. அந்த இடத்தில் வேட்பாளர் ஒரு காதல் பாட்டுப் பாடுவதாக வைத்துவிடுங்கள், இரண்டு பக்கம் போதும். மேடையில் என்னையும் பாடச் சொன்னார்கள். சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதியில் வரியும் மறந்துவிட்டது. கரோக்கே பெட்டி எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டது. ஊரில் ஒருவர்கூட அதை நம்பமுடியவில்லை என்று சொல்லவில்லை.